கிழித்துக் கொடுத்த பாதி

அன்று பௌர்ணமி என்பதை மறந்துபோய்க் கீழ்பென்னாத்தூரில் நிதானமாகப் பஸ் ஏறினேன். திருவண்ணாமலையில் அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்.

பக்கத்து இருக்கையில் நாற்பது வயதுள்ள அக்கா ஒருவர். அவரும் அதே தேர்வுக்குத்தான் வந்தார். நகக்கண்ணில் கடலைக்கொல்லை மண், மடியில் தடித்த கைடு. ஒரு பக்கம் மனப்பாடமானதும் அதைச் சரக்கென்று கிழித்துப் பைக்குள் திணித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புஸ்தகத்தைப் போய்க் கிழிக்கிறீங்களேக்கா!"

"தலையில ஏறிட்டதை எதுக்கும்மா வச்சிக்கினு? மீதி எவ்ளோன்னு தெரியணும்ல."

கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இருவரும் ஓட்டமும் நடையுமாகத் தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிடம்தான் இருந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று போனை எடுத்தேன். என் பாடமெல்லாம் அதில்தான் இருந்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. பட்டனை மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். தான் இன்னும் படிக்காமல் வைத்திருந்த பக்கங்களை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை என் கையில் திணித்தார்.

"உங்களுக்கு வேணாமாக்கா?"

"போன்ல இருந்தா இப்படிக் கிழிச்சுக் குடுக்க முடியுமா? படிம்மா, டைம் கம்மி."

அந்தப் பாதியிலிருந்து இரண்டு கேள்விகள் வந்திருந்தன. இரண்டுக்கும் சரியாகவே விடையளித்தேன். வேலையும் கிடைத்தது.

தேர்ச்சிப் பட்டியலில் அவரைத் தேட அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பாதியை அவர் படிக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.