அண்ணனூரில் பேசிய அப்போஸ்தலர்

அண்ணனூர் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில், ஆவிகளோடு பேசுகிறவர் ஒருவர் இருந்தார். எண்பதுகளின் கடைசியில், எங்கள் பையன் மஞ்சள் காமாலையில் இறந்துபோன வருஷம், என் மனைவி என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள்.

ஒல்லியான மனிதர். தடிக் கண்ணாடி. ஆவி இறங்கும் முன் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். அன்றைக்கு இறங்கியது ஏசுவின் சீடர் தோமையாராம்.

"பரங்கிமலைல என்னிய ஈட்டியால குத்திட்டாங்கன்றதெல்லாம் புருடா நைனா. பூந்தமல்லியாண்ட ஜுரம் வந்துதான் செத்தேன். பின்னால எழுதுனவனுங்க மாத்திட்டானுங்க."

அப்போஸ்தலர் சுத்தமான மெட்ராஸ் பாஷையில் பேசினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மனைவி குறுக்கே புகுந்தாள். "எம்புள்ள அங்கதானே கீறான்? பசி தாங்கமாட்டான். சோறு துன்னானான்னு கேட்டுச் சொல்லுங்க சாமி."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "தெரியலம்மா. எனக்கு எதுவுமே கேக்கல" என்றார்.

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பையன் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டாயிரம் வருஷத்துக் கதையை அத்தனை பேர் எதிரில் கூசாமல் அளந்த மனுஷன், அவளிடம் "துன்னான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?