தொட்டவருக்கு ஒரு மாலை

"மேடம், தொட்டவரு பந்தவ்ரே."

வாட்ச்மேன் முனியப்பா வந்து இப்படிச் சொன்னபோது நான் பண்ணை ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் தொட்ட என்றால் பெரிய. தொட்டவரு என்றால் பெரியவர். பந்தவ்ரே என்றால் வந்திருக்கிறார். அந்த அளவுக்குக் கன்னடம் எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் வினையாகப் போயிற்று.

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். டெல்லி ஹெட் ஆபீஸிலிருந்து எம்.டி. வருகிறார், வருகிறார் என்று ஒரு மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து பண்ணையைப் பார்த்து, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்கு டெல்லிக்குத் திரும்ப மாற்றல் கிடைக்கும். அதற்காகத்தான் நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் டெல்லி டிக்கெட்டே கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது என்று நினைத்தேன்.

நான் அங்கே போன கதை

நான் டெல்லியில் பிறந்த தமிழ்ப் பெண். அப்பா வட ஆற்காட்டுக்காரர், மத்திய சர்க்கார் கிளார்க். படித்தது விவசாயம். சேர்ந்தது ஒரு தனியார் விதைக் கம்பெனி. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கம்பெனிகள் எல்லாம் பெங்களூர் பக்கம் படையெடுத்த சமயம், எங்கள் கம்பெனியும் ஆனேக்கல்லைத் தாண்டி, பன்னேர்கட்டா காட்டின் ஓரத்தில் நிலம் பிடித்தது. "விஜயலட்சுமிக்குத் தமிழ் தெரியும், அவளை அனுப்பு" என்று டெல்லியில் முடிவு செய்தார்கள். தமிழ் தெரிந்தால் தெற்கே எங்கும் சமாளிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆறு மாதம் மட்டும் இரு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி கர்நாடகா எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார்கள்.

பெங்களூர் கிளை மேனேஜர் சாமுவேல் சார், காக்ஸ் டவுன்காரர். ஸ்டேஷனுக்கு வந்து என்னையும் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றினார். ஓசூர் ரோடு, பொம்மசந்திரா பாக்டரிகள், அப்புறம் சந்தாபுராவில் திரும்பினால் வெறும் யூகலிப்டஸ். எனக்கு முகம் தொங்கிப்போனது.

"இன்னாம்மா, ஊரு புட்சிக்கலியா?" என்றார்.

"இங்க மனுஷங்க இருக்காங்களா சார்?"

"இருக்காங்கம்மா. பேஜாராவாத. தொட்டன்னா பெரிசு, சிக்கன்னா சின்னது. இது ரெண்டும் தெரிஞ்சா போதும், கர்நாடகால பொழச்சிக்கலாம்."

அந்த மனுஷன் அன்றைக்கு மூன்றாவதாகவும் ஒன்று சொல்லியிருக்கலாம்.

பண்ணையில் எனக்கு ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை. மழை பிடித்தால் நாலு நாளுக்குக் கரண்ட் கிடையாது. கோதுமை மாவு வாங்க ஆனேக்கல் கடைத்தெரு வரை போக வேண்டும். வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்; ஒரே மூச்சில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்கள். மேஸ்திரி கௌரம்மா ஒருத்திதான் எனக்காக நிதானமாகப் பேசுவாள். மீதிப் பேர் என்னைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள், நான் நகர்ந்ததும் சிரிப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை ஆனேக்கல் பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து அழுவேன். மீட்டர் ஓட ஓட அழுவேன். எம்.டி.க்கும் ஒரு நாள் போன் போட்டு, "இந்த ஜனங்களோடு என்னால் முடியாது சார், என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லியே விட்டேன். அறுவடைக்குள் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார்.

வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. ஹைப்ரிட் மக்காச்சோள விதை எடுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. ஃபீமேல் வரிசை, மேல் வரிசை என்று பெண் செடியையும் ஆண் செடியையும் பிரித்து நட வேண்டும். ஃபீமேல் வரிசையில் ஆண் பூ தலை காட்டியதும் பிடுங்கி எறிய வேண்டும். டீடாஸலிங் என்போம். ஒரு செடி கண்ணுக்குத் தப்பினாலும் விதை கலந்துவிடும். அந்தப் பெண்கள் தோளுக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் புகுந்து, இலை கையைக் கீற, தினமும் அதைச் செய்தார்கள். செப்டம்பரில் கதிர் பால் பிடித்து நின்றது. எம்.டி. வந்தால் காட்ட வேண்டிய பயிர். அவர் வரட்டும், பார்க்கட்டும், என்னை விடட்டும் என்று காத்திருந்தேன்.

மாலையும் பிளாஸ்கும்

சரி, முனியப்பாவுக்கு வருகிறேன்.

"எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"காட்டுப் பக்கம் கேட்டண்ட மேடம்." ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ரோடு இருக்கும்போது அந்தப் பக்கமா ஏன் வந்தாரு?"

"அவரு எப்பவும் அந்தப் பக்கந்தான்."

"கூட யாரு?"

"ஒப்பரே. ஒண்டியாத்தான் வந்துகிறாரு."

"அப்ப கேட்டைத் தெறந்து உள்ள கூட்டிட்டு வாங்க."

முனியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டைத் தெறக்கறதா?"

"பின்ன? பெரியவரை வெளியிலயா நிக்க வைப்பாங்க?"

"வேணும்னா அவரே தெறந்துக்குவாரு மேடம்."

"அவருக்கு என்ன குடுக்கலாம்? காபி சாப்பிடுவாரா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஜோளம் சாப்பிடுவாரு."

எனக்கு எம்.டி. மேல் மரியாதையே வந்துவிட்டது. பால் பிடித்த கதிரைக் கடித்துப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். வந்ததும் வராததுமாக நேரே வயலுக்குப் போய்விட்டார் பாருங்கள் என்று நினைத்தேன். பயத்தில் மேடத்துக்கு மண்டை குழம்பிவிட்டது என்று முனியப்பா நினைத்திருக்கிறார். இது பிற்பாடு அவரே சொன்னது.

அன்று வெள்ளிக்கிழமை. பம்ப் ஹவுஸில் இருக்கிற பிள்ளையார் படத்துக்குப் போடப் பெண்கள் சாமந்தி மாலை கட்டி வாளியில் வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டேன். இன்னொரு கையில் காபி பிளாஸ்க். தலையை ஒரு முறை கோதிவிட்டுக்கொண்டு, வரப்பு வழியாகக் கிட்டத்தட்ட ஓடினேன். பின்னால் முனியப்பா "மேடம், மேடம்" என்று மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கம்பெனி பெரியவர் முன்னால் கத்தக் கூடாது என்று ஆளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசி வரப்பில் திரும்பினேன். கேட் தரையில் கிடந்தது. பயிருக்கு மேலே ஒரு முதுகு தெரிந்தது. அது நகர்ந்தது. ஒரு காது விசிறியது.

கையில் மாலையோடு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றிருப்பேனோ, புடவைத் தலைப்பைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். கௌரம்மா. இழுத்த இழுப்பில் பம்ப் ஹவுஸ் சுவருக்குப் பின்னால் போய் விழுந்தேன். அங்கே ஏழெட்டுப் பெண்கள் குந்தி உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க மேடம். தின்னுட்டுப் போயிடுவாரு," என்றாள் கௌரம்மா.

"யானைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"பேரு சொன்னா கூப்ட்ட மாதிரி. தொட்டவருன்னுதான் சொல்லணும்."

அங்கே யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. பயிர் விளைகிற பருவத்தில் சொல்லவே கூடாது. இதைத்தான் சாமுவேல் சார் எனக்குச் சொல்லாமல் விட்டார்.

தொட்டவரு அவசரமே படவில்லை. பிடுங்குவது, முழங்காலில் தட்டி மண்ணை உதறுவது, வாயில் போடுவது. நாங்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கௌரம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எம்.டி.க்குக் கொண்டுபோன காபியைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். அந்த ஊருக்கு வந்த பிறகு நான் யாரோடும் சேர்ந்து ஒன்றும் குடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இருட்டுவதற்குள் அவர் போய்விட்டார். ஓரத்து ஆண் வரிசைகளும் பெண் வரிசைகளில் கொஞ்சமும் போயிற்று. மீதி தப்பியது. மாலை என் கையிலேயே நசுங்கிக் கிடந்ததைக் கௌரம்மா பார்த்தாள்.

"பரவால்ல மேடம். யாருக்குக் கட்டினோமோ அவருக்கே எடுத்துட்டுப் போனீங்க."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கப்புறம் என் எதிரில் யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. காலையில் வந்ததும், "மேடம், இன்னிக்கு மாலை கட்டட்டுமா?" என்று கிண்டல் பண்ணிவிட்டுத்தான் வேலையில் இறங்குவார்கள்.

நிஜமான பெரியவர்

நவம்பரில் கதிர் ஒடித்து, குடோனில் காயப்போட்டு, பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் ராகி விளைந்து நின்றது. தொட்டவரு தினம் ஒரு ஊரில் தலை காட்டுகிற காலம்.

ஒரு நாள் மத்தியானம் முனியப்பா ரோட்டுப் பக்கமிருந்து, "தொட்டவரு பந்தவ்ரே!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். வந்தவர் நேராகத் தென்னை மரத்தில் ஏறிவிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு என்ன சந்தேகம்? எல்லாரையும் குடோனுக்குள் தள்ளி ஷட்டரை இறக்கினேன். மூச்சு விடக் கூடாது என்று சைகை காட்டினேன். பெண்கள் மூட்டைகளுக்கு நடுவில் பதுங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஷட்டர் அதிர்ந்தது.

"முட்றாரு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மறுபடியும் அதிர்ந்தது. பிறகு வெளியிலிருந்து குரல் வந்தது: "கோயீ ஹை?"

யாராவது இருக்கிறீர்களா என்று இந்தியில் கேட்கிற யானை உலகத்தில் கிடையாது. நான் ஷட்டரைத் தூக்கினேன். முட்டி வரை சேறோடு எம்.டி. மல்ஹோத்ரா சாப் நின்றுகொண்டிருந்தார். கார் வண்டிப் பாதையில் புதைந்துவிட, நடந்தே வந்திருக்கிறார். மரத்தின் மேலிருந்து முனியப்பா அவருக்காக இளநீர் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?" என்றார் எம்.டி. இந்தியில்தான் பேசினோம்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சார், உங்களை யானை என்று நினைத்துவிட்டோம். நம்ம ஊரில் யானையைப் பேர் சொல்ல மாட்டோம், பெரியவர் என்றுதான் சொல்வோம்."

அவர் நல்ல பருமன். கோபம் வரப் போகிறது என்று பயந்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என்னையே பார்த்தார்.

"நம்ம ஊரா?"

"என்ன சார்?"

"நம்ம ஊரில், ஹமாரே யஹான், என்று சொன்னாய். போனில் என்னிடம் 'இந்த ஜனங்க' என்று சொன்னவள் நீதானே? உன் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. அடுத்த வாரம் நீ டெல்லிக்கு வரலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது கைக்கு வந்துவிட்டது. எனக்கு சந்தோஷம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மூட்டைக்குப் பின்னாலிருந்து பெண்கள் தூசி தட்டிக்கொண்டே வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தி தெரியாது. டெல்லி என்ற சொல் மட்டும் புரிந்திருக்கிறது.

"டெல்லிக்குப் போறீங்களா மேடம்?" என்றாள் கௌரம்மா.

அவளுக்குப் பதில் சொல்லாமல் எம்.டி.யிடம் சொன்னேன். "அடுத்த சீசனையும் நானே பார்க்கிறேன் சார். வருகிற ஆளுக்கு இங்கே ஒன்றும் தெரியாது. மாலையை எடுத்துக்கொண்டு போய் நிற்பான்."

மாலை விஷயம் அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார்.

பூத்தில் பேசியது

அடுத்த சீசன் என்று சொன்னவள் ரிட்டயர் ஆகிற வரை அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. இன்று பண்ணை இருந்த இடத்தில் லேஅவுட் போட்டுவிட்டார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போனால் பம்ப் ஹவுஸ் எங்கே இருந்தது என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை. கண் கலங்கத்தான் செய்கிறது. புது ஊருக்கு மாற்றலாகிப் போகிற இளம் ஆபீசர்கள் சிலர், "எப்ப மேடம் பழகும்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பாஷை கற்றுக்கொள், சாப்பாட்டைப் பழகிக்கொள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பழகுவது நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும், வேறு யாராவதுதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது நான் கற்ற பாடம். அதற்கு உதாரணமாக எம்.டி. வந்துபோன அன்றைய சாயங்காலத்தைச் சொல்வேன்.

அன்று பூத்துக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் வரலைம்மா. இங்கயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "குளிர் வருதேன்னு உன் ரஜாய்க்குப் புதுப் பஞ்சு போட்டு வச்சிருக்கேன்டி," என்றாள். குரல் உடைந்திருந்தது. "வாரா வாரம் அழுதவ நீதானே? அந்தக் காட்டுல உனக்கு யார் இருக்கா?"

எந்தப் பெயரைச் சொன்னாலும் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராகி விளைந்த காலத்தில் தனியாகப் போகக் கூடாது என்று கூடவே வந்த கௌரம்மா, பூத் கண்ணாடியைத் தட்டிக் கதவைத் திறந்தாள்.

"ஹொத்தாய்த்து மேடம். பன்னி, பன்னி."

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "யாருடி அவ? உன்னைப் பாத்துப் பன்னிங்கறா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "திட்டலைம்மா. நேரமாச்சு, வாங்கன்னு கூப்பிடறாங்க. பன்னின்னா கன்னடத்துல வாங்கன்னு அர்த்தம்."

"எங்க கூப்பிடறா?"

"வீட்டுக்கும்மா," என்றேன்.