பழைய அளவில் செய்த பலகை

சாம்பிள் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சீல்டு சாம்பிளைப் பற்றித்தான். வாங்குகிற கம்பெனி, அதாவது பையர் தரப்பு ஆள் ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு சீல் வைத்துவிட்டால், அந்த அளவை யாரும் மாற்றக் கூடாது. நான் திருப்பூர் வீரபாண்டியில் ஒரே பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக, வெட்டு அளவு வரைகிற பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். அந்த விதியை ஒரு தடவைகூட மீறியதில்லை. மீறாததால் நடந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பையர், கடலில் சர்ஃபிங் போகிறவர்களுக்கு டீ-ஷர்ட், ஷார்ட்ஸ் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனி. அவர்களுடைய திருப்பூர் ஆபீஸில் ஃபிட் பார்க்கிறவர் சேவியர் சார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். அவர் உடம்பு அச்சு அசல் எம் சைஸ். டம்மி பொம்மையில் மாட்டிப் பார்ப்பதைவிட அவரே போட்டுப் பார்த்தால்தான் பையருக்குத் திருப்தி. பதினோரு வருடமாக எங்கள் எம் சைஸ் என்றால் அது சேவியர் சார்தான். அவருடைய மார்பு, தோள், இடுப்பு, உயரம், எடை எல்லாம் என் ஃபைலில் ஒரு தாளில் இருந்தன.

போன வருடம் ஒரு நாள் புது சாம்பிளைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"என்ன மாஸ்டர், சட்ட தொளதொளன்னு கெடக்கு. கோயில் கொடிமரத்துல துணி சுத்துன மாதிரில்லா இருக்கு."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பேட்டர்னைப் பார்த்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது.

மூன்று நாள் அந்தப் பேட்டர்னோடு கிடந்தேன். துணியின் சுருக்கத்தை மறுபடி டெஸ்ட் செய்தேன். கட்டிங்கில் தப்பு என்று நினைத்து, கட்டிங் மாஸ்டரிடம் போய்ப் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் சட்டையை டம்மிக்கு மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சட்டையில் தப்பே இல்லை.

அடுத்த ஃபிட்டிங்கில், தோள் பார்க்கிற சாக்கில் அவர் மார்பைச் சுற்றி டேப்பை வைத்தேன். மூன்று இன்ச் குறைந்திருந்தது. தலை நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். தாளில் பழைய எண்தான் இருந்தது. அதை நான் அடித்துத் திருத்தவில்லை.

அந்த வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அலைமேல் ஏறி நின்று போகிற பலகை, தனக்கு ஒரு சர்ஃப் போர்டு செய்ய வேண்டும் என்றார். சின்ன வயதில், வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன உடைந்த போர்டை ஒட்டவைத்துத்தான் அலையில் நிற்கப் பழகினாராம். அதற்குப் பிறகு எப்போது ஊருக்குப் போனாலும் யாரோ ஒருவருடைய போர்டு. சொந்த அளவில் ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. ஆவணிக்குள் வேண்டும், அதற்குப் பிறகு கடல் ஒத்துவராது என்றார்.

"நான் கோயம்புத்தூர் போக வர இருக்கேன் மாஸ்டர். என் அளவுதான் உங்ககிட்ட இருக்கே. நீங்களே பேசி முடிச்சிருங்க."

கோயம்புத்தூரில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

திருப்பூரில் சர்ஃப் போர்டுக்கு எங்கே போவது? கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் வெட்டுகிற கடையில் விசாரித்தேன். பொண்ணு மாப்பிள்ளை பெயரை எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். பல்லடம் ரோட்டில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர், நான் ஃபோனில் காட்டிய படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"செஞ்சு போடலாமுங்க. ஆனா இதை வெச்சுட்டு நொய்யல் ஆத்துல எங்கீங்க போவீங்க?"

அவரே யோசித்து, படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர்களைக் கேட்கச் சொன்னார். அப்படி நாலைந்து பேரிடம் ஃபோனில் பேசிப் பேசி, சேவியர் சாரின் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி இருந்த ரீகனைக் கண்டுபிடித்தேன். வள்ளங்களுக்கு ஃபைபர் வேலை செய்கிறவர். சர்ஃப் போர்டும் செதுக்குவார். உயரம் கேட்டார், எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டார். சொன்னேன்.

"ஆளு இப்ப எத்தன கிலோ அண்ணாச்சி? இப்ப உள்ளதச் சொல்லணும். எட்டு கிலோ மாறுனா போர்டே மாறிப்போவும்."

தாளில் அறுபத்தொன்பது என்று இருந்தது. அது இப்போது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். உண்மையான எண் வேண்டுமென்றால் சாரிடம் கேட்க வேண்டும். அதைக் கேட்டால் மற்றதையும் கேட்க வேண்டும்.

"அறுபத்தொம்பதுங்க" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீகனின் கொட்டகைக்கு வேலையைப் பார்க்கப் போனேன். நடுவில் மரச்சட்டம் ஓடும் வெள்ளை ஃபோமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார். அதன்மேல் ஃபைபர் துணியை விரித்து, ஓரத்தில் இரண்டு இன்ச் விட்டுக் கத்தரியால் வெட்டினார். நாங்கள் தையலுக்கு விடுகிற மாதிரியேதான். துணியை இறுக வைக்கும் பிசினைக் கலக்குவதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"இத ஊத்திட்டா பெறகு ஒரு நூல்கூட கொறைக்க முடியாது. அளவுல சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

கட்டிங்குக்கு முன்னால் நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிற வார்த்தை அது.

"அப்ரூவ் ஆன அளவுங்க" என்றேன்.

ஆடிக் கடைசியில் சார், ரீகன், நான் மூவரும் ரீகன் ஊர்க் கடற்கரையில் நின்றோம். சேவியர் சார் எங்கள் சாம்பிள் சட்டை ஒன்றைத்தான் போட்டிருந்தார். காற்றில் அது அவரை விட்டுத் தனியாகப் பறந்தது. ரீகன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

போர்டை சாரால் கக்கத்தில் இடுக்க முடியவில்லை. ரீகன் தலையில் வைத்துத் தண்ணீர்வரை கொண்டுபோனார். அதன்மேல் படுத்தபோது அகலத்தைத் தாண்டிக் கை சரியாகத் தண்ணீரை எட்டவில்லை. எதிரே அலை வரும்போது போர்டை அமுக்கி அதன் அடியில் நுழைய வேண்டுமாம். இவர் கனத்துக்கு அது அமுங்கவே இல்லை. மூன்று தடவை அவரைக் கரைக்கே தூக்கிப் போட்டது. நாலாவது தடவை, ரீகன் பின்னால் பிடித்து ஒரு சின்ன நுரை அலையில் தள்ளிவிட்டார். படுத்த வாக்கிலேயே கரைக்கு வந்தார். முட்டி போட்டு எழப் பார்த்தார். முடியவில்லை.

மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல போர்டு மாஸ்டர். ஆனா இது போன வருசம் இருந்த சேவியருக்கு."

"எனக்குத் தெரியுமுங்க சார். கேக்கத்தானுங்க முடியல."

சட்டையின் ஓரத்தைப் பிழிந்தார்.

"நீங்க டேப்பச் சுருட்டுனீங்கள்லா, அப்பவே தெரியும். நானாச் சொல்ல வாய் வரல. வீட்டுலயும் சொல்லல. இந்த வேலையக் குடுத்தா எப்படியும் எடை கேப்பீங்க, அப்ப சொல்லிரலாம்னு நெனச்சேன்."

அன்று அங்கேயே எல்லாவற்றையும் கேட்டேன். வயிற்றில் கட்டி. கோயம்புத்தூர் போனது அதற்குத்தான். முற்றிய பிறகுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் ஒரு மருந்துக்கடை வாசலில் அவரை எடை மெஷினில் ஏறச் சொன்னேன். ஐம்பத்து நாலு. நான் ரீகனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். மூன்று வாரத்தில் இன்னொன்று முடித்துத் தருகிறேன் என்றார்.

பதினெட்டாம் நாள் சார் வீட்டிலிருந்து தகவல் வந்தது. அடக்கத்துக்குப் போனவன், திரும்பும்போது ரீகனின் கொட்டகைக்குப் போனேன். இரண்டாவது போர்டு தேய்த்து முடித்து, ஃபைபர் போடாமல் ஸ்டாண்டில் இருந்தது. முதல் போர்டுக்குப் பக்கத்தில் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. ஓரத்தில் பென்சிலால் 54 என்று எழுதியிருந்தார். இதை என்ன செய்ய என்று கேட்டார்.

சீல்டு சாம்பிளை மாற்றக் கூடாது என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது துணிக்கு. சட்டை தொளதொளத்தால், பேட்டர்னைப் பிரிப்பதற்கு முன் போட்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

இப்போது எம் சைஸ் பார்க்க வேறொருவர் வருகிறார். ஊத்துக்குளிக்காரர், நல்ல திடமான ஆள். அவர் வந்து நின்றதும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன்.

"டெய்லி இதையே கேக்கறீங்களே மாஸ்டர்" என்று சிரிக்கிறார்.

அவர் பதில் சொல்லும்வரை நான் டேப்பை விரிப்பதில்லை.