கொசு எழவில்லை

என் தாய்மாமா கொசுவாக நடிக்கப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரப்பர்த் தோட்டம் கைமாறியதும் மலேசியாவின் ஈப்போ நகர ஓரத்து மலிவு வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் நாங்கள். அங்கே டிங்கிக் காய்ச்சல் தலைகாட்டவே, சுகாதார இலாகா ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது மண்டபத்தில் விழிப்புணர்வு நாடகம் வைத்தது. கொசு வேடத்துக்கு ஆள் கேட்டபோது, கூச்சம் என்றால் என்னவென்றே அறியாத மாமா கையைத் தூக்கிவிட்டார்.

பழைய குடைத்துணியில் சிறகு, பிளாஸ்டிக் குழாயில் நீண்ட மூக்கு. பள்ளியில் நான் இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஏழு வயதில் என் மானம் மரியாதை எல்லாம் அந்த மூக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நாடகம் நெருங்கும்போது மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒத்திகை பார்க்கக் கூடியவர்களின் கண்தான் பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார். துளி நெடி வரவில்லை. அப்புறமென்ன, கண்ணேறு உறுதியாகிவிட்டது.

இருந்தும் மறுநாள் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒடம்பு கொதிக்குதுடா. கிளினிக் போயிட்டு வந்துருலாம்."

"நாடகம் முடியட்டும்க்கா. கொசு இல்லாம என்னா நாடகம்லா?"

நான் குதித்தேன். மாமா என்றால் மாமாதான்!

ஞாயிறன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டும் என்று அதிகாரி விளக்கினார். எல்லோரும் பலமாகக் கைதட்டினோம். அம்மாவும் தட்டினார். திரைக்குப் பின்னால் மூக்கை மாட்டிக்கொண்டிருந்த மாமாவும் தட்டியிருப்பார்.

பிறகு கொசு வந்தது. ரீங்காரம் போட்டுக்கொண்டு மேடையெல்லாம் சுற்றியது. நாடகத்தில் கொசு அடிக்கச் சேர்த்திருந்த பிள்ளைகள் நாங்கள் கொசு மட்டையோடு துரத்தினோம். நடு மேடையில் மாமா தடாலென்று விழுந்தார். ஒத்திகையில்கூட அப்படி விழுந்ததில்லை! விசில் பறந்தது. அடுத்து எழுந்து கும்பிட வேண்டும், எழவில்லை.

"மாமா, ஏந்திரிச்சுக் கும்பிடுங்க!" என்று கத்தினேன். அதற்குள் அம்மா அழுதுகொண்டே மேடைக்கு ஓடிவந்தார். அம்மாவுக்கும் நாடகத்தில் வேடம் உண்டு என்பதை என்னிடம் மறைத்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே கோபம்.

மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். அதுவும் அரசாங்க மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

மாமா தேறி வீடு திரும்ப வெகுநாள் ஆயிற்று. பிழைப்பாரா என்று பெரியவர்கள் கலங்கிக்கிடந்த அந்த வாரத்தில்தான் எங்கள் தெருவுக்குக் கொசுப்புகை வந்தது. காய்ச்சல் கண்டவர் வீட்டைச் சுற்றித்தான் புகை அடிப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மாமாவின் வெற்றியைக் கொண்டாடத்தான் வந்திருக்கிறார்கள் என்று வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணே, எங்க மாமாதான் கொசு!"

புகையடிப்பவர் எங்கள் வீட்டு எண்ணை ஒருமுறை பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தி, முகமூடியை இறக்கி, என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

புகைக்காரருக்குக்கூட எங்கள் மாமாவைத் தெரிந்திருக்கிறது! அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல ஓட்டமாக ஓடினேன்.