ஒன்பது குருவியும் ஒரு பெண் பார்க்கும் நாளும்

தியாகதுருகத்தில் எங்களுக்கு எலக்ட்ரிக்கல் கடை. கடையில் உட்காருவது என் வீட்டுக்காரர், ஏணி ஏறுவது நான். ஐ.டி.ஐ.யில் படித்தது நான்தான். ஆனாலும் புது வீட்டுக்குப் போனால் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வயர்மேன் வரலியாம்மா?" என்பார்கள். "நான்தாங்க" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காட்டுவேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக, குருவிக்கு ஹீட்டர் போடக் கற்றுக்கொண்ட கதையை எழுதுகிறேன்.

1. குண்டு பல்பு

முதல் ஆர்டர் கள்ளக்குறிச்சியில், ஒரு அரிசிக்கடைக்காரர் வீட்டில். மார்கழிக் குளிரில் அவருடைய லவ் பேர்ட்ஸ் பஞ்சு உருண்டை மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "சூடா எதனா போட்டு உடும்மா" என்றார். இது ஒரு வேலையா என்று, கூண்டுக்குள்ளேயே நூறு வாட்ஸ் குண்டு பல்பை மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் போன்.

"இன்னாம்மா பண்ணிட்டுப் போன? பகல்னு நெனச்சிக்கினு ஒண்ணு கூட தூங்கல. கத்திக்கினே இருக்குதுங்க. எங்க வூட்ல ஒருத்தரும் தூங்கல!"

ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு குருவி வயரின் தோலை உரித்துப் பாதி தின்றிருந்தது. இன்னும் ஒரு கொத்து கொத்தியிருந்தால் செத்திருக்கும். மெயினை அணைத்துப் பல்பைக் கழற்றினேன். நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன். பிறகு மீண்டும் அந்த வீட்டுக்குப் போய், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் போட்டேன். கூண்டுக்கு வெளியே, ஒரு ஓரத்தில் மட்டும். சூடு ஜாஸ்தியானால் குருவி தானே தள்ளிப் போக இடம் வேண்டும். பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பி வலை, சூடு ஏறினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட், வயர் முழுக்க இரும்பு பைப்புக்குள். அன்றிலிருந்து குருவி வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

2. வெள்ளிமலை

அப்படித்தான் கல்வராயன் மலையிலிருந்து தேன்மொழி டீச்சர் கூப்பிட்டார். சொந்த ஊர் நைனார்பாளையம். வெள்ளிமலையில் பள்ளிக்கூட வேலை. ரிட்டயர் ஆன அப்பாவோடும் ஒன்பது குருவியோடும் அங்கேயே வீடு எடுத்து இருந்தார். ஏழு லவ் பேர்ட்ஸ், கொண்டை வைத்த சின்னக் கிளி மாதிரி இரண்டு காக்கடீல். எங்கள் பக்கம் அதைக் காக்டெயில் என்றுதான் சொல்வோம்.

தை மாத ஞாயிற்றுக்கிழமை. கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பத்தடி தூரத்தில் ஆள் தெரியாத பனி. வீட்டுக்குள் போனால் கேசரி வாசனை, வாசலில் பெரிய கோலம்.

"இன்னா டீச்சர், விசேஷமா?"

"என்னைப் பொண்ணு பாக்க வராங்கக்கா, ரிஷிவந்தியத்துல இருந்து. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. அவங்களுக்காக குருவிங்க இன்னொரு வாரம் குளுருல கெடக்குமா?"

சுவரில் டிரில் போடவேண்டும். தூசி பறக்கும். அதனால், "ஐயா, கூண்டைக் கொஞ்சம் பின்பக்கம் எடுத்துக்கினு போங்க" என்று டீச்சரின் அப்பாவிடம் சொன்னேன். சொன்னது நான்தான். அதை ஒத்துக்கொள்கிறேன். ஹோல்டரை முறுக்கி, கனெக்‌ஷன் கொடுக்கப் போகும்போது கரண்ட் போனது. மலைப்பாதையில் லைன் மேல் மரம் விழுந்துவிட்டதாம். சரி, வரட்டும் என்று திரும்பினால், அப்பா சிரித்த முகத்தோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஒன்பது குருவியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"மாப்ள வூட்டுக்காரங்க பாக்கறப்ப பளபளன்னு இருக்கட்டுமேன்னு, செடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயால குளிப்பாட்டிட்டேன்!"

"அய்யோ அப்பா!" டீச்சர் தலையில் கை வைத்தார்.

அந்தக் குளிரில் ஈரக் குருவி தாங்காது. இரண்டு அப்போதே கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டன. கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. அப்பா பதறிப்போய், "கரி அடுப்பு மூட்டி ரூமைச் சாத்திடலாமா? சாம்பிராணி போடலாமா?" என்றார். "எதுவும் வேணாங்க! புகையில நமக்கு முன்னாடி அதுங்கதான் சாவும்!" என்று கத்தினேன். சமையலறையில் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றித் துண்டில் சுற்றினோம். இருந்தது மூன்றே பாட்டில். போதாது.

வாசலில் வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அக்கா, தாய்மாமன், டிரைவர். ஆறு பேர். டீச்சர் பட்டுப்புடவையோடு ஓடிப்போய், "வாங்க, உக்காருங்க. ஆளுக்கு ஒரு குருவி புடிங்க" என்றார். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

காய்ந்த துணியில் ஒற்றி ஒற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். "சால்வைக்குள்ள நெஞ்சோட வெச்சிக்குங்க. இறுக்கிடாதீங்க, அதுக்கு மூச்சு விட நெஞ்சு அசையணும். கையைக் கூடு மாதிரி வெச்சிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆறு பேருக்கு ஆறு, டீச்சருக்கு ஒன்று, அவருடைய அப்பாவுக்கு ஒன்று, என் காக்கிச் சட்டைக்குள் ஒன்று.

மாப்பிள்ளையின் அம்மா ரொம்பக் கண்டிப்பான முகம். "இது இன்னா ஜாதி?" என்றார்.

"அதுவா? லவ் பேர்ட்ஸுங்க. உங்க பையன்கிட்ட இருக்கறது காக்டெயில்" என்றார் டீச்சரின் அப்பா.

"காலையிலயேவா?" என்று அந்த அம்மா பையனை முறைத்தார்.

டிரைவர் சிரித்தார். சிரிப்பில் அவர் நெஞ்சு குலுங்க, குருவி கோபத்தில் அவர் பட்டனைப் பிடுங்கியது. தாய்மாமன் கேசரியை எடுக்கக் கையை நீட்டினார், அவர் கையிலிருந்த குருவி விரலைக் கடித்தது. காபி ஆறிக்கொண்டே இருந்தது, யாருக்கும் கை ஒழியவில்லை. எந்த ஊர், எத்தனை பவுன் என்று ஒரு கேள்வியும் எழவில்லை.

மாப்பிள்ளை மட்டும் வெளிறிப்போய் இருந்தார். "இது மூச்சு விடுதான்னு பாருங்களேன். பயமா இருக்கு."

டீச்சர் எழுந்து போய், சால்வை மேல் காதை வைத்துக் கேட்டார். 

"ஒண்ணு தடதடன்னு அடிக்குது. குருவியோடதா உங்களோடதான்னு தெரியல."

தாய்மாமன் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சால்வைக்குள்ளிருந்து காக்டெயில் நீளமாக விசில் அடித்தது. மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது.

ஆனால் அந்த அம்மாவின் கையில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் வயதான குருவி. தலை சாய்ந்து, கண் மூடிக் கிடந்தது. வெந்நீர் பாட்டிலை மாற்றி மாற்றி அவர் மடியில் வைத்தேன். "குடுங்கம்மா, நான் வெச்சிக்கறேன்" என்றேன். "யாரும் தொடாதீங்க" என்றார். முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிரிப்பெல்லாம் அடங்கி, எல்லாரும் அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திடீரென்று அந்த அம்மா கூவினார்.

"பேண்டுடுச்சு! பட்டுப்புடவைல பேண்டுடுச்சுடி! உசுரு இருக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குருவி கண்ணைத் திறந்து, அவர் வளையலைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார். எது எப்போது என்று சொல்ல முடியவில்லை. அந்த அம்மா புடவையைத் துடைக்க விடவே இல்லை. "இருக்கட்டும், ஊருக்குப் போய்க் காட்டணும்."

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. கனெக்‌ஷன் கொடுத்தேன். இறகு உலர்ந்த ஒன்பதும் ஹீட்டர் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. மனிதர்கள் ஆறின காபியைக் குடித்தார்கள்.

3. ரிஷிவந்தியம்

அடுத்த மாதம் மாப்பிள்ளையின் அம்மாவே போன் செய்தார். "எங்க வூட்லயும் போட்டுக் குடும்மா. மருமக வரதுக்குள்ள குருவி ரூமு ரெடியாவணும்."

போனேன். ஹீட்டர், தெர்மோஸ்டாட், பைப் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, எது எதற்கு என்று பெருமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. கரண்ட்டு போனா இன்னா பண்றது?"

இத்தனை வருஷ வேலையில் நான் ஒரு வீட்டிலும் முதலில் கேட்காத கேள்வி அது. பையை மூடி வைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்தேன். ஆறு பாட்டில், நான்கு துண்டு, ஒரு தெர்மாமீட்டர், காற்று வராத ஒரு மூலை, கூண்டின் மூன்று பக்கம் மூட ஒரு கம்பளி. எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் டிரில்லைக் கையில் எடுத்தேன். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வரிசையில்தான் வேலை செய்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.