வெயிலுக்கு முந்தைய நாள்

மில்லில் இன்று பிரித்த பேல் பொதியின் பஞ்சு, எந்த ஊர்ப் பஞ்சோ, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியதும், இப்போது குடோனாகிவிட்ட எங்கள் சேவூர்ப் பருத்திக்காடு நினைவுக்கு வந்தது. நாலு நாள் வெயிலில்லாமல் மந்தாரம் போட்டால் போதும், இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும், அதன் கழிவில் செடியெல்லாம் பிசுபிசுக்கும், அதைத் தின்கிற பொறிவண்டுகளோ குளிருக்கு அசையாமல் கிடக்கும்.

“ரண்டு நாள் பொறுங்க, வெயிலடிச்சா வண்டே தின்னுபோடுமுங்க” என்றாள் அம்மா, அப்படியொரு மந்தாரத்தின்போது அப்பாவிடம்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, அன்றைக்கே மருந்தடித்தார். மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது, செடிக்கடியில் அசுவினியோடு பொறிவண்டுகளும் செத்துக் கிடந்தன.

அடுத்த மந்தாரத்துக்கு அசுவினி திரும்பி வந்தது. அப்பா ஒவ்வொரு இலையாகத் திருப்பி, ஒரு வண்டாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.