பாப்பா ஏறாத டிரெய்லர்

டிரெய்லர் செய்கிற தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: எங்கள் வண்டிக்கு எஞ்சின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, பெரும்பாலும் பிரேக்கும் கிடையாது, ஆனால் ரோட்டில் எது நடந்தாலும் முதலில் கேட்பது எங்களைத்தான்.

'எங்களை' என்று சொல்லிக்கொள்வதே எனக்குப் புதுசு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் எங்கள் பட்டறை இருக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர்களை (ஊர்க்காரர்களுக்கு அது 'பொட்டி') புதிதாகச் செய்வோம். பழசு வந்தால் பிரித்துச் சரிசெய்வோம். மாமனார் ஆரம்பித்தது, அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர். நான் மஞ்சக்குப்பத்தில் கான்வென்ட்டில் படித்துவிட்டு, கல்யாணமாகி, செம்மண்டலத்து வீட்டில் கைக்குழந்தையோடு நிம்மதியாகப் பயந்துகொண்டிருந்தவள். குழந்தைக்குச் சளி பிடித்தால் பயம். பிடிக்காவிட்டால், எல்லாக் குழந்தைக்கும் பிடித்திருக்கிறதே, இவளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று பயம்.

ஒரு நாள் வீட்டுக்காரர் டிரெய்லர் மேலிருந்து வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்துத் தைத்து, மூன்று மாதம் அசையக்கூடாது என்றார் டாக்டர். "நீ போயி சும்மா உக்காரு, மத்தத ஏழுமலை பாத்துப்பாரு" என்றார் இவர். இப்படி 'சும்மா உக்காரு' என்று கடையிலோ மில்லிலோ உட்கார வைக்கப்பட்ட சகோதரிகள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும், சும்மா உட்காருகிற நாற்காலி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பாப்பா தூங்கின பிறகு எழுதுகிறேன். நடுவில் எங்காவது தொடர்பு விட்டுப் போயிருந்தால் அவள் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம்.

முதல் சுற்று

எங்கள் பட்டறையில் மாமனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம். வேலை முடிந்த டிரெய்லரை எடுக்க வருகிறவர் தன் டிராக்டரை மாட்டி, பட்டறைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்ட வேண்டும். அந்த ஒரு சுற்றுக்கு டிரெய்லர் மேல் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். உடைந்தாலும் கவிழ்ந்தாலும் முதலில் எங்களோடு போகட்டும் என்கிற நினைப்பு. சுற்று முடிந்து, அந்த ஆள் இறங்கி "போலாம்" என்று சொன்னால்தான் கேட் திறக்கும்.

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. போன முதல் நாளே ஏழுமலை அண்ணன் (எங்கள் பெரிய வெல்டர்) ஒரு ஸ்டூலைப் போட்டு, "ஏறும்மா" என்றார். பாப்பா தன்யாவைக் கீழே விட முடியாது. ரெண்டு வயசு, விட்டால் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்க ஓடுவாள். இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். டிராக்டர் ஒரு இழுப்பு இழுத்தது. எனக்குப் பயம் வந்தால் கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்த ஜெபம்தான் முதலில் வாயில் வரும், குலசாமி அங்காளம்மன் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வருவாள். அன்றைக்கு இரண்டு பேரையும் கலந்து கூப்பிட்டேன். பாப்பா கையைத் தட்டிச் சிரித்தாள். இறங்கினதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு "போலாம்" என்றேன். டிராக்டரில் உட்கார்ந்திருந்தவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, அழுவாத சொல்லு. நீ அழுதுகினே போலாம்னு சொன்னா, நான் எந்த தைரியத்துல இத வூட்டுக்கு ஓட்டிகினு போறது?"

பழகின வளையம்

புவனகிரிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் மாமா ஒரு பழைய டிரெய்லரை இழுத்து வந்தார். மாமனார் கையால் செய்தது என்று பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். மரப்பலகையை எடுத்துவிட்டு இரும்புத் தகடு. அடிச்சட்டம் புதுசு. டயர் புதுசு. பின்கதவு புதுசு, அதில் அவருடைய இரண்டு பெண்களின் பெயர் பெயிண்டில். கழற்றிய சாமான்களை ஒரு மூலையில் குவித்தபோது அங்கே ஒரு முழு டிரெய்லர் கிடந்தது. இதில் எது அவருடைய பழைய வண்டி என்று எனக்குப் புரியவில்லை. அவரிடமே கேட்டேன். "இதுதான்" என்று புதுசைக் காட்டினார்.

மாற்ற வேண்டாம் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். டிரெய்லரின் மூக்கில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதை டிராக்டரின் கொக்கியில் வைத்து, மேலிருந்து ஒரு தடித்த இரும்புப் பின்னைச் செருகுவார்கள். மொத்த வண்டியும், அதிலுள்ள பாரமும் அந்த வளையத்தைத்தான் நம்பி வருகின்றன. சம்பந்தம் மாமாவின் வளையம் ஒரு பக்கம் தேய்ந்து என் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்திருந்தது. "மாமா, இதைத்தானே முதல்ல மாத்தணும்?" என்றேன். ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார், பதில் சொன்னது மாமாதான்.

"எல்லாத்தையும் புதுசாக்கிட்டா டிராக்டரு மெரண்டுக்கும்மா. ஒண்ணாவது பழகுனதா இருக்கட்டும்."

நாய்க்கா, மாட்டுக்கா

அந்த வாரம் ஸ்கூட்டரில் பாப்பாவோடு வீட்டுக்குப் போகும்போது முன்னால் ஒரு கரும்பு டிரெய்லர். முந்தும்போது எட்டிப் பார்த்தேன். மூக்கில் செருகின இரும்புப் பின் எகிறாமல் இருக்க அடியில் ஒரு கிளிப் போட வேண்டும். அந்த இடத்தில் ஒரு பழைய டூத் பிரஷ்ஷை வளைத்துச் செருகியிருந்தார்கள். அவ்வளவு கரும்பும் ஒரு டூத் பிரஷ்ஷை நம்பி வந்துகொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றேன்.

மறுநாள் ஏழுமலை அண்ணனிடம் சொன்னேன்: இனிமேல் எல்லா டிரெய்லருக்கும் மூக்கில் ஒரு சங்கிலி. ஒரு முனையை வண்டியோடு வெல்டு வைக்க வேண்டும், மறுமுனையில் கொக்கி வைத்து டிராக்டரில் மாட்டிக்கொள்ள வேண்டும். பின் போனாலும் வளையம் போனாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரர் வீடியோ காலில், "சங்கிலி போட்டா நம்ம வேலை மேல நமக்கே நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை என்பதுதான் உண்மை என்பதால் சங்கிலி வாங்க ஆள் அனுப்பினேன். பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த சம்பந்தம் மாமாவின் வண்டிக்குத்தான் முதல் சங்கிலி. ஏழுமலை அண்ணன் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"நாயிக்கு சங்கிலி போடலாம், மாட்டுக்கு போடலாம். பொட்டி இன்னாம்மா, அவுத்துகினு ஓடியா போயிடப் போவுது?"

இறக்கிவிட்டது

சம்பந்தம் மாமா வண்டியை எடுக்க வந்தார். மாலை போட்டு, கற்பூரம் கொளுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஏழுமலை அண்ணன் ஸ்டூலைப் போட்டார். அதற்குள் ஏழெட்டு வண்டிகளில் ஏறியிருந்தேன், எல்லாவற்றிலும் பாப்பாவோடு. ஒரு காலை ஸ்டூலில் வைத்தேன். வளையம் கண்ணில் பட்டது. காலை எடுத்துவிட்டேன். பாப்பாவை ஏழுமலை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினேன்.

சுற்று முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாலை போட்ட வண்டி, அப்பா வயதுக்காரர், காத்திருக்கிற டிராக்டர், எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். "போலாம்" என்று வந்துவிட்டது. "சங்கிலியை மட்டும் மறக்காம மாட்டிக்குங்க மாமா" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பாப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் வண்டிக்கும் கொழந்தையோட ஏறுவியாமே, ஏழுமல சொன்னாரு. என் வண்டிக்கு மட்டும் ஏம்மா எறக்கி வுட்டுட்ட?"

தண்ணீர் வந்தால்

அதன் பிறகு ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டாலே சம்பந்தம் மாமாவின் வண்டியோ என்று எட்டிப் பார்ப்பேன். ஆம்புலன்ஸ் போனாலும் அவர் ஞாபகம்தான். சங்கிலி இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் கடலோரத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். வலையும் படகு எஞ்சினும் ஏற்ற ஒரு சின்ன டிரெய்லர் கேட்டிருந்தார். எல்லாம் பிடித்திருந்தது. சங்கிலியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

கயிறும் முடிச்சுமாக வாழ்கிறவர், இவருக்காவது சங்கிலியின் அருமை தெரியும் என்று நினைத்திருந்தேன். அவரோ அதை அறுத்து எடுக்கச் சொன்னார். மணலில் டிரெய்லர் புதைந்து, அலையும் ஏறி வந்தால், பின்னை ஒரு தட்டு தட்டிவிட்டு டிராக்டரைக் காப்பாற்ற வேண்டுமாம். கேட்டால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மாட்டாவிட்டாலும் ஆபத்து, மாட்டினாலும் ஆபத்து என்றால் நான் எதற்குத்தான் பயப்படுவது? அறுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தண்ணி வந்தா பொட்டிய வுட்டுட்டு ஓடணும்மா. நீ இன்னாடான்னா அதுகூட என்னையும் சேத்துக் கட்டுற."

ஒரு படி

நெல்லும் கரும்பும் ஏற்றத்தான் டிரெய்லர். ஆனால் வளைகாப்பு, கோயில், கட்சி மீட்டிங் எதுவானாலும் மனிதர்கள்தான் ஏறுகிறார்கள். வளையத்தை நினைத்து வந்த பயம் இங்கேயும் பரவியது. பெயிண்டரைக் கூப்பிட்டு, எல்லா டிரெய்லரின் பின்கதவிலும் 'ஆட்களை ஏற்றாதீர்' என்று சிவப்பில் பெரிதாக எழுதச் சொன்னேன்.

மங்கலம்பேட்டையிலிருந்து டிரெய்லர் எடுக்க வந்தவர் அந்த எழுத்தைத் தள்ளி நின்று பார்த்து, கிட்டே வந்து, விரலால் தடவி ரசித்தார். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை என்று பெயிண்டரைப் பாராட்டினார். ஒருவருக்காவது புரிந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

"ரொம்ப அம்சமா எழுதியிருக்கீங்க. அப்படியே அதுக்குக் கீழ ஒரு படி வெச்சிக் குடுங்கம்மா, எங்க வூட்டு பொம்பளைங்க ஏற செரமப்படுறாங்க."

மாசி மகத்துக்கு மறுநாள்

மாசி மகம் முடிந்த மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே ஒரு டிராக்டர் ஹாரன் விடாமல் அடித்தது. சம்பந்தம் மாமா. டிராக்டரின் பின்பக்கம் மட்கார்டு நசுங்கியிருந்தது, பின் லைட்டு உடைந்து தொங்கியது. டிரெய்லர் வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வரப்பட்டிருந்தது. அதன் மூக்கில் வளையம் இருந்த இடத்தில் பாதி வளையம்தான் இருந்தது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கப் போனேன். அவர் விடவில்லை.

"நான் கேட்டேனா, எனக்கு சங்கிலி வோணும்னு?" என்று அவர் சண்டைக்கே வந்துவிட்டார். விஷயம் துண்டு துண்டாகத்தான் வந்தது. சாமி பார்க்கக் கிள்ளைக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். வழியில் ஒரு பாலத்தின் ஏற்றத்தில் வளையம் தெறித்துவிட்டது. சங்கிலி பிடித்துக்கொண்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏறிவிட்டார். இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது டிரெய்லர் முன்னால் வந்து டிராக்டரின் முதுகில் இடித்துவிட்டது. "சங்கிலி இல்லன்னா அது பாட்டுக்கு பின்னால போயிருக்கும், ஏன் தம்பி. என் டிராக்டருக்கு ஒரு கீறல் வந்திருக்குமா?" என்று ஏழுமலை அண்ணனிடம் நியாயம் கேட்டார்.

நான் நடுவில் புகுந்தேன். "மாமா, டிரெய்லர்ல யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாங்க. எங்க வூட்டு பொம்பளைங்க, ரெண்டு பொண்ணுங்க, பக்கத்து வூட்டுக்காரங்க. ஒரு பதினாலு பேரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல, புளிசோத்துத் தூக்குதான் கொட்டிப் போச்சி." பாலத்தின் ஏற்றம், பின்னால் போகிற வண்டி, பதினாலு பேர், எல்லாவற்றையும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார் போலிருக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்தார். "சங்கிலிய நான் ஒண்ணும் நீ சொன்னேன்னு மாட்டல" என்றார், குரல் இறங்கி. "தொங்கிகினு கிலுகிலுன்னு சத்தம் போடுதேன்னு தூக்கி மாட்டி வெச்சேன்."

ஏழுமலை அண்ணன் மட்கார்டைத் தட்டி எடுத்தார், லைட்டு மாற்றினார், யாரையும் கேட்காமல் புது வளையம் வைத்தார். சாயந்திரம் ஸ்டூலைப் போட்டார். நான் வளையத்தைக் குனிந்து பார்த்தேன், வெல்டைத் தடவிப் பார்த்தேன், பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். சம்பந்தம் மாமா திரும்பித் திரும்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டே, நடக்கிற வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினார். இறங்கி "போலாம்" என்றேன். ஏழுமலை அண்ணன் கட்டரைக் காட்டி, "அப்ப சங்கிலிய அறுத்துடட்டுமா மாமா?" என்று கேட்டார். சம்பந்தம் மாமா அவசரமாக டிராக்டரிலிருந்து குதித்து இறங்கினார். சங்கிலிக் கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார்.

"இருக்கட்டும் வுடுப்பா, மாடு கட்டவாச்சும் ஆவும்."

இந்தத் தொழிலில் எதைச் செய்தால் சரி, எதைச் செய்தால் தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. என்னைத் திட்டுவதற்கு ஆட்கள் கைகால் முழுசாக வந்து நின்றால் போதும், புரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.